வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்: சூளகிரி வட்டத்தில் ஓர் ஈயப் பட்டறை நிலம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, சூளகிரி வட்டத்தில், மாந்தோப்புகளுக்கும் மானாவாரிக் கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலம் ஒன்று இருக்கிறது. மாலையில் அதன் நடுப்பகுதியில் இளைஞர்கள் வாலிபால் ஆடுகிறார்கள். சாலையோர மூலையில் பால் சங்கத்தின் சிறு கட்டடம் இருவேளையும் திறக்கிறது. மேற்குப் பகுதியில் புல் மட்டுமே வளர்கிறது. அங்கே எதையும் நடவோ தோண்டவோ கூடாது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை ஒன்று மூடப்பட்ட பிறகு அந்த நிலம் ஊருக்குப் பயன்பட வந்த விதத்தை, மண் பரிசோதனைக்காக அழைக்கப்பட்டு இறுதிவரை உடனிருந்தவன் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். ஊரின் பெயரையும் தொடர்புடையவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பட்டறை இருந்த காலம்

ஓசூரைச் சுற்றி வாகனத் தொழில் பெருகிய பகுதியில் பழைய பேட்டரிக்குப் பஞ்சமில்லை. ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான். லாரி, ஆட்டோ, வீட்டு இன்வெர்ட்டர் என்று எங்கிருந்து கழிந்தாலும் பேட்டரி எடைக்கு விலைபோகும் பொருள். அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதே காரணம். முறையான மறுசுழற்சி ஆலைகள் புகையை வடிகட்டி, அமிலத்தை நடுநிலைப்படுத்தி, கசடை உரிய இடத்துக்கு அனுப்பும். இந்தப் பட்டறை அப்படிப்பட்டதன்று. பகலில் கோடரியால் பெட்டியைப் பிளந்து ஆசிட்டைத் தரையில் கொட்டினார்கள். இரவில் கரி உலையில் ஊதுகுழல் வைத்துத் தகடுகளை உருக்கினார்கள். ஈயம் 327 பாகை செல்சியஸிலேயே உருகிவிடும். ஆனால் தகடுகளில் படிந்திருக்கும் ஈய சல்பேட்டுக் கூழிலிருந்து உலோகத்தைப் பிரிக்க அதைப்போல் மூன்று மடங்கு வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தில் ஈயத்தின் ஒரு பங்கு புகையாக எழுந்து குளிர்ந்ததும் நுண்தூசியாக இறங்கும். ஊரார் அந்தப் பட்டறையைக் ‘கம்பெனி’ என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் தகரக் கொட்டகையில் இரண்டு பேர் வேலை செய்தாலும் அது கம்பெனிதான்.

சில ஆண்டுகள் ஓடிய பட்டறை, தோட்டத்தில் கட்டியிருந்த கன்றுகள் அடுத்தடுத்துச் செத்ததும் எழுந்த புகாரால் மூடப்பட்டது. நடத்தியவர் உலையைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். கூரைத் தகரம்கூட மிஞ்சவில்லை. நிலத்தின் உரிமையாளர் பட்டறையை நடத்தியவர் அல்லர், வாடகைக்கு விட்டவர். எதுவும் விளையாத அந்த இடத்தை அவர் சில ஆண்டுகள் கழித்து ஊராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். ஊர் அவருக்குச் சால்வை போர்த்தியது. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பத்திரத்தோடு நிலத்தின் பொறுப்பும் கைமாறியது என்பதை அன்று ஒருவரும் யோசிக்கவில்லை. பதிவு செய்யப்பட்ட பத்திரங்களை மட்டும் காட்டும் வில்லங்கச் சான்றில் மண்ணிலுள்ள ஈயம் வராது. முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அந்த நிலம் சுத்தமானதாகவே தெரியும்.

கிராம சபையில் அந்த இடத்துக்கு நான்கு கோரிக்கைகள் எழுந்தன: அங்கன்வாடிக் கட்டடம், விளையாட்டுத் திடல், தானியம் காயவைக்க ஒரு களம், பால் சங்கத்துக்கு ஓர் அறை. நான்கும் ஒரே தீர்மானத்தில் எழுதப்பட்டன. கன்றுகள் செத்ததை மறக்காத ஓர் இளம் வார்டு உறுப்பினர்தான், கட்டடம் எழும்புவதற்கு முன் மண்ணைப் பார்த்துவிடலாம் என்று வற்புறுத்தினார். “கம்பெனி போயி எத்தன வருசம் ஆச்சு, இன்னமுமா வெசம் இருக்கும்?” என்று மூத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பூச்சிமருந்து சிதையும், சாயம் வெளுக்கும், எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்னும். ஈயம் ஒரு தனிமம். அதற்குச் சிதைவு என்பதே கிடையாது. பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே களிமண்ணையும் மக்கையும் பற்றிக்கொண்டு மேல்மண்ணில் தங்கிவிடும்.

அளந்து பார்த்தது

பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நிலத்தைக் கட்டம் பிரித்து, கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவியால் அளந்தோம். துப்பாக்கி போன்ற அந்தக் கருவி மண்மீது ஊடுகதிரைப் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரைக்கொண்டு எந்த உலோகம் எவ்வளவு என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். ஈரமண்ணில் அது குறைத்துக் காட்டும் என்பதால் மாதிரிகளை நிழலில் உலர்த்திச் சலித்தோம். 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் நுண்மண்ணைத் தனியாக அளந்தோம், ஏனெனில் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போவது அந்த மண்தான். ஒரு பகுதி மாதிரிகளை அமிலத்தில் கரைத்து ஆய்வகத்திலும் சரிபார்த்தோம்.

எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். பூமியின் மேலோட்டில் ஈயம் சராசரியாகக் கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் அளவில் இயல்பாகவே இருக்கிறது. ஆகவே காற்று எதிர்த்திசையில் அரை மைல் தள்ளியிருந்த மாந்தோப்பு மண்ணை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டோம். வரம்புக்குக் கனடாவின் வழிகாட்டு அளவுகளைப் பார்த்தோம். அவை ஒரே உலோகத்துக்கு நிலத்தின் பயன்பாட்டைப் பொறுத்து வெவ்வேறு எண் தருகின்றன: விளைநிலத்துக்குக் கிலோவுக்கு 70 மில்லிகிராம், குடியிருப்புக்கு 140, வணிக இடத்துக்கு 260, தொழிற்சாலை நிலத்துக்கு 600. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் குடியிருப்பு மண்ணுக்கு நெடுங்காலம் வைத்திருந்த 400 என்ற வரம்பை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தது. ‘சுத்தமான மண்’ என்று தனியாக ஒன்றில்லை, இன்ன காரியத்துக்குப் போதுமான மண் என்றுதான் உண்டு என்பதை இந்த எண்களை வைத்தே ஊராட்சியில் விளக்கினேன். நான்கு கோரிக்கைகளையும் ஒரே தீர்மானத்தில் எழுதியது அங்கேதான் இடறியது.

பேட்டரி உடைத்த மேற்குத் தளத்தில் ஈயம் பல்லாயிரங்களில் இருந்தது, மண்ணும் கடும் அமிலத்தன்மையோடு இருந்தது. உலை இருந்த இடம் அதற்கு அடுத்தது. ஆனி, ஆடி மாதங்களில் இங்கே காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். உலையின் தூசி வடகிழக்காகப் பரவியிருந்ததை வரைபடம் நாக்கு நீட்டியதுபோல் காட்டியது. சாலையோரக் கிழக்கு மூலை மட்டும் தப்பியிருந்தது. ஆழத்தில் பார்த்தால் பெரும்பாலான புள்ளிகளில் முதல் ஓர் அடிக்குக் கீழே ஈயம் சட்டென்று குறைந்தது. ஆசிட் கொட்டிய குழியருகே மட்டும் அது கீழே இறங்கியிருந்தது, அமிலத்தில் ஈயத்துக்குக் கால் முளைத்துவிடும்.

நாங்கள் எதிர்பாராதது வேலிக்கு வெளியே இருந்தது. உலையிலிருந்து வந்த கருங்கசடு பார்வைக்கு உடைகல்போல இருக்கும், கெட்டியாகவும் இருக்கும். ஊருக்குள் போகும் வண்டிப்பாதையின் பள்ளங்களை அதைக்கொண்டு நிரப்பியிருந்தார்கள்; ஒரு வீட்டுத் திண்ணைக்கு அடியிலும் அது கிடந்தது. பிளந்த பேட்டரிப் பெட்டிகளில் பூச்செடி வைத்திருந்தார்கள். ஏரியில் வலை வீசுபவர் ஒருவர் வலைக்குண்டு வார்க்க ஈயத் துண்டுகளைப் பொறுக்கி வைத்திருந்தார். ஒன்றரை ஏக்கரோடு வேலை முடியாது என்பது அன்று தெரிந்தது. இதைக் கண்டுபிடித்தது கருவி அல்ல. திண்ணையில் உட்கார்ந்து பேசிய இரண்டு மாலைப்பொழுதுகள்.

தண்ணீர் பற்றிய கேள்வி தனிக் கதை. இந்த வட்டாரம் முழுவதும் கடினப் பாறை. மேலே சில அடி செம்மண், அதன்கீழ் சிதைந்த பாறை, அதற்கும்கீழ் பாறையின் வெடிப்புகளில் ஓடும் நீர். எந்த வெடிப்பு எந்த ஆழ்துளைக் கிணற்றுக்கு, அதாவது போருக்கு, போகிறது என்பதை வரைபடம் போட்டுச் சொல்ல முடியாது, ஆகவே சுற்றியிருந்த எல்லாப் போர்களிலும் பழைய திறந்த கிணற்றிலும் மாதிரி எடுத்தோம். போர்களில் ஈயம் குடிநீருக்கான இந்தியத் தர வரம்பாகிய லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டவில்லை. பட்டறைக்கு அருகிலிருந்த திறந்த கிணற்றில் சல்பேட் மிகுந்திருந்தது, ஆசிட்டின் தடம் அது. இரண்டு போர்களில் ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேல் வந்தது. உடனே “கம்பெனி தண்ணியக் கெடுத்துட்டது” என்று பேச்சுப் பரவியது. ஃப்ளோரைடுக்கும் பட்டறைக்கும் தொடர்பில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறையிலேயே அது இருக்கிறது; பல்லில் கறையும் எலும்பில் நோவும் இங்கே தலைமுறைத் துன்பம். அதற்காகத்தான் ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. செய்யாத குற்றத்தைப் பட்டறையின்மீது ஏற்றினால் செய்த குற்றம் நீர்த்துப்போகும் என்று சொல்லி, இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுதிவைத்தோம். ஒகேனக்கல் தண்ணீர் குடிக்க வந்துவிட்டதால் போர்த் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை என்றும் சிலர் சொன்னார்கள். மாடு குடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் போர்த் தண்ணீரில்தான்.

குழந்தைகளின் ரத்தப் பரிசோதனைக்குப் பெற்றோரைச் சம்மதிக்கவைக்க இரண்டு மாதம் ஆயிற்று. விரல்நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் விரலின் தூசியே கலந்து பொய்யாகக் கூட்டிக் காட்டும், எனவே நரம்பிலிருந்து எடுக்கச் சொன்னோம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே பாதுகாப்பான அளவு என்றும் எதுவுமில்லை. வண்டிப்பாதையை ஒட்டிய வீடுகளில் சில குழந்தைகள் அந்த அளவுக்கு மேல் இருந்தார்கள். விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கை இளம் குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் குறைந்தால் இன்னும் கூடும். கேழ்வரகு உண்ணும் ஊர் என்பது ஓரளவு ஆறுதல், அவ்வளவே. களி தின்றால் ஈயம் போய்விடும் என்று யாரோ கிளப்பிய பேச்சை மறுக்க ஒரு கூட்டமே போட வேண்டியிருந்தது.

யார் செலவு

மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996இல் அறிவித்தது வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் குறித்த வழக்கில்தான். நம் மாநிலத்திலேயே அந்தக் கொள்கை நடைமுறையில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரு எல்லைகளும் உண்டு. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலையின் பின்னால் ஒரு பெரிய நிறுவனம் இருந்தது. அப்படியிருந்தும் மண்ணில் எவ்வளவு பாதரசத்தை விட்டுவைக்கலாம் என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற இலக்கைச் சூழலியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். ராணிப்பேட்டையில் குரோமியம் ஆலை மூடிப் பல்லாண்டுகளாகியும் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேடு ஊரின் தலைமேல் நின்றது. எங்கள் பட்டறைக்காரரோ முகவரியே இல்லாதவர்.

ஒன்றிய அரசு மாசுபட்ட நிலங்களின் மேலாண்மைக்கென்று தனி விதிகளை 2025 ஜூலையில்தான் அறிவிக்கை செய்தது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்க வேண்டும், 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு, பிறகு விரிவான ஆய்வு, பொறுப்பானவர் அகப்படாவிட்டால் அரசுகள் செலவுக்கு வழி செய்வது என்று அவை வரையறுக்கின்றன. எங்கள் வேலை அதற்கு முன்பே நடந்தது. ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றின் சமூகப் பொறுப்பு நிதி, ஊராட்சியின் பொது நிதி, ஊராரின் உடலுழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே செலவைத் தாங்கின. இந்த ஏற்பாடு சரியென்று நான் சொல்லமாட்டேன். குற்றம் செய்யாதவர்கள் அபராதம் கட்டினார்கள் என்பதே உண்மை.

பயன்பாட்டை முதலில் வெட்டிச் சுருக்கியது

மண்ணை முழுவதுமாக அள்ளிப் போட்டுவிடலாம் என்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றிய வழி. கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழம் எடுத்தால் ஏறத்தாழ 1,230 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றால் 1,800 டன்னுக்கு மேல். டிப்பருக்கு 15 டன் ஏற்றினாலும் நூற்றிருபது லோடு, அதுவும் ஓர் ஏக்கருக்கு மட்டும். தீங்கான கழிவைப் புதைக்கும் உரிமம் பெற்ற இடம் கும்மிடிப்பூண்டியில், இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டரில் இருக்கிறது. இவ்வளவையும் அனுப்ப வசதியிருந்தாலும், அத்தனை வண்டித் தூசி வழியெங்கும் பறப்பதும் ஒரு கேடுதான்.

செடி வைத்து ஈயத்தை உறிஞ்சவிடலாம் என்ற யோசனையும் வந்தது. வெட்டிவேர், கடுகு, சூரியகாந்தி என்று பலவும் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்தார்கள். ஈயம் மண்ணை அவ்வளவு இறுகப் பற்றியிருப்பதால் செடிக்குள் ஏறுவது மிகச் சொற்பம். ஏறவைக்க ரசாயனம் சேர்த்தால் கரைந்த ஈயம் செடிக்குப் போகும் முன்பே நிலத்தடிக்கு இறங்கும். வெட்டிவேர் மண் அரிப்பைத் தடுக்கும், அந்தக் காரியத்துக்குப் பின்னர் வரப்பில் வைத்தோம்.

ஆகவே எஞ்சியது மூடி வைக்கும் வழி. வியட்நாமில் ஹனோய்க்கு அருகே தோங் மாய் என்ற பேட்டரி உருக்கும் கிராமத்தில் வீட்டு முற்றங்களைத் துணிவிரிப்பும் நல்ல மண்ணும் செங்கல்லும் கொண்டு மூடியதிலேயே குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மூடிய நிலம் எந்தப் பாரத்தையும் தாங்கும் நிலமாகிவிடாது. இங்கேதான் வேலையின் நடுநாயகமான சண்டை நடந்தது. நல்ல மண்ணைப் போட்டு மூடிவிட்டால் அங்கன்வாடியை அங்கேயே கட்டலாமே என்றார் ஊராட்சித் தலைவர். கட்டடத்துக்கு ஒப்புதல் வந்து கிடந்தது, வேறு இடமும் கைவசமில்லை. தவழும் குழந்தை தரையோடு வாழ்வது. அஸ்திவாரம் தோண்டினால் மூடியது திறக்கும், தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டினால் மறுபடி திறக்கும், பத்து ஆண்டு கழித்துக் கழிப்பறை கட்டும்போது யாருக்கும் நினைவிருக்காது. மூன்று கூட்டங்களுக்குப் பிறகு அங்கன்வாடி கோயில் நிலத்தை ஒட்டிய புறம்போக்குக்கு மாற்றப்பட்டது. அந்த ஒரு முடிவு, பின்னால் நாங்கள் செய்த எல்லாப் பொறியியல் வேலையையும்விடக் குழந்தைகளைக் காத்தது என்பது என் எண்ணம்.

களத்துக்கும் மறுப்புச் சொன்னேன். சிமெண்டுத் தளம் போட்டால் தானியம் மண்ணைத் தொடாதே என்று ஒரு விவசாயி வாதிட்டார், தளம் விரிசல்விடாதவரை அவர் சொன்னதும் சரிதான். ஆனால் களத்தில் தூற்றுவார்கள், பெருக்குவார்கள், ஓரத்தில் சிதறியதைக் கூட்டி அள்ளுவார்கள். அந்த ஓரம் எங்களுடைய மண். கடைசியில் தப்பித்த கிழக்கு மூலையில் பால் சங்கம், நடுவில் திடல், மேற்கே மூடிய மேடு என்று வரைபடம் உறுதியானது. பால் சங்கத்துக்குத் தண்ணீர் வெளியிலிருந்து குழாயில் வரும். நிலத்துக்குள் போர் போடுவதில்லை என்று தீர்மானம் எழுதினோம்.

வேலை நடந்த விதம்

ஆடிக்காற்றில் தோண்டக் கூடாது, பங்குனி வெயிலில் தோண்டினாலும் தூசி. ஐப்பசி, கார்த்திகை மழை நின்று மண்ணில் பதம் இருக்கும் மார்கழியில் தொடங்கித் தை முடியும் முன் மூடிவிடுவது என்று நாள் குறித்தோம். தினமும் தண்ணீர் தெளித்த பிறகே ஜேசிபி உள்ளே போகும். வேலை செய்தவர்களுக்கு மெல்லிய துணிமுகமூடி போதாது, வடிகட்டி பொருத்திய முகமூடிதான். உள்ளே பீடியும் வெற்றிலையும் டீயும் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான விதி, கையிலிருந்து வாய்க்குப் போகும் வழியை அடைப்பதுதான் ஈய வேலையில் பாதி. உடையை அங்கேயே கழற்றிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாவின் சட்டைத் தூசி பிள்ளையின் பாயில் உதிர்ந்தால் எல்லாம் வீண்.

கசடு, தகட்டுத் துண்டுகள், குழியின் அடிச்சேறு ஆகியவற்றைத் தனியாக மூட்டை கட்டி, வண்டிப்பாதையிலிருந்தும் திண்ணையடியிலிருந்தும் பெயர்த்த கசடையும் சேர்த்து, தீங்கான கழிவு விதிகள் கேட்கும் படிவம் 10 ஆவணத்தோடு கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பினோம். அளவில் அது சிறிது. ஈயத்தில் பெரும் பங்கு அதில்தான் இருந்தது. மிதமாகக் கெட்டிருந்த மேல்மண்ணைத் திடல் பகுதியிலிருந்து வழித்து மேற்குத் தளத்தில் குவித்தோம்.

அந்தக் குவியலின் அமிலத்தன்மையை அடக்கச் சுண்ணாம்பு கலந்ததில் ஒரு தவறு நேர்ந்தது, தவறு என்னுடையது. கூடுதலாகப் போட்டால் கெடுதல் இல்லை என்று மேஸ்திரி நினைத்தார், நான் உடனிருந்து தடுக்கவில்லை. ஈயம் அமிலத்திலும் கரையும், மிகுந்த காரத்திலும் கரையும். கார அமிலக் குறியீடு (pH) எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே நிற்பதுதான் நல்லது. ஒரு பகுதியில் அது பன்னிரண்டைத் தொட்டுவிட்டது. அந்தப் பகுதியில் மேலும் மேல்மண்ணைக் கலந்து இறக்கப் பத்து நாள் வீணாயிற்று. ஈயத்தை இறுக்கிக் கட்ட பாஸ்பேட் உரம் கலக்கலாம் என்ற முறையை ஆராய்ந்து கைவிட்டோம், ஏனெனில் பேட்டரித் தகடுகளோடு வரக்கூடிய ஆர்செனிக் இருந்தால் பாஸ்பேட் அதை அவிழ்த்துவிடும்.

குவியலை உருளையால் இறுக்கி, மேலே மணல் பரப்பி, 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் விரிப்பை இணைப்புகளில் உருக்கி ஒட்டிப் போர்த்தினோம். பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் கருப்பு ஷீட்டைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் இதை விளக்கச் சிரமம் இருக்கவில்லை. அதைவிடப் பன்மடங்கு தடி என்றதும் புரிந்துகொண்டார்கள். விரிப்பின்மேல் ஆரஞ்சு நிற வலை. அது எதையும் தடுக்காது, நாளை யாராவது மண்வெட்டி போட்டால் வலை கண்ணில் பட்டு ‘நில்’ என்று சொல்லும், அதற்காகவே. அதன்மேல் இரண்டடி நல்ல மண், மழைநீர் தேங்காமல் வடியச் சரிவு, சுற்றிலும் வாய்க்கால். திடலிலும் வழித்த இடத்தில் வலை விரித்து ஓர் அடி நல்ல மண் போட்டோம். அந்த நல்ல மண்ணுக்கு ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வரும் காலத்தில் இந்தப் பகுதியில் எந்த வண்டலையும் பார்க்காமல் போட முடியாது. சோதித்ததில் ஒரு வண்டல் தேறவில்லை, மேட்டு நிலத்துச் செம்மண்ணைக் கிரயம் கொடுத்து வாங்கினோம்.

மூடிய பிறகு

ஓராண்டு கழித்து மறுபடி ரத்தம் எடுத்தபோது, முன்பு கூடுதலாக இருந்த குழந்தைகளிடம் அளவு இறங்கியிருந்தது. ஒரு குழந்தைக்கு மட்டும் இறங்கவில்லை. தேடியதில், திண்ணையடியிலிருந்து கசடு எடுத்த அதே வீட்டில் பூச்செடி வைத்திருந்த பேட்டரிப் பெட்டி பின்புறத்தில் அப்படியே இருந்தது. நாங்கள் நிலத்தைத் தேடினோம், முற்றத்தைத் தேடவில்லை.

பெரிய விபத்து அதற்கடுத்த மழைக்காலத்தில் நடந்தது. மரக்கன்று நடும் இலக்கு ஒன்று வந்தது. வெற்றிடமாகத் தெரிந்த புல்மேட்டைத் தேர்ந்தெடுத்து, நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைக் குழி வெட்டச் சொல்லிவிட்டார்கள். குறித்தவருக்கு நிலத்தின் கதை தெரியாது, அவர் அந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கோப்பு அலுவலகத்தில் இருந்தது, கோப்பை யாரும் கேட்கவில்லை. ஏழெட்டுக் குழி ஆனபோது ஒரு பாட்டியின் மண்வெட்டியில் ஆரஞ்சு வலை சிக்கியது. பட்டறைக் காலத்தில் கன்று பறிகொடுத்தவர் அவர். “நிறுத்துங்கடி, இது கம்பெனி மண்ணு” என்று அவர் சத்தம் போட்டதில் வேலை நின்றது. கருப்பு விரிப்பு இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது, ஒட்டுப்போட்டு மூடினோம். நட நினைத்தவை புங்கனும் வேம்பும். நட்டிருந்தால் சில ஆண்டுகளில் வேரே விரிப்பைப் பிளந்திருக்கும்.

அதன்பிறகு மூன்று காரியங்கள் செய்தோம். மேட்டின் நான்கு மூலையிலும் ‘தோண்டாதே’ என்று வெட்டிய கல் நட்டோம். சர்வே கல்லுக்கு இருக்கும் மரியாதை அறிவிப்புப் பலகைக்கு இல்லை என்பது ஊரறிந்தது. ஆண்டுதோறும் மழைக்குப் பின் விரிசல், அரிப்பு, எலி வளை பார்த்து எழுத ஒரு பதிவேடு வைத்து, அதை அலுவலகத்தில் பூட்டாமல் பால் சங்கத்தில் வைத்தோம், அங்கே இருவேளையும் ஆள் வருகிறது. மூன்றாவது இன்னும் முடியவில்லை: இந்த நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது, இங்கே என்னென்ன செய்யக் கூடாது என்பதைப் பதிவு அலுவலகத்தில் ஓர் ஆவணமாகப் பதிந்து, வில்லங்கச் சான்று கேட்கும் எவருக்கும் அது வரும்படி செய்யக் கேட்டிருக்கிறோம். எந்தத் தலைப்பில் பதிவது என்ற கேள்வியோடு மனு திரும்பி வந்தது. ஊராட்சி மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறது.